தொட்டுப் பார்க்கலாமா? – கடிதம்

வணக்கம்.

ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசையில் ஒரு கறுப்பினப் பெண். பல வருடப் பழக்கம். எப்போதும் தோளில் வழியும் நேரான முடியோடுதான் அவரைப் பார்த்திருக்கிறேன். சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றார். ஓர் அங்குலம்கூட இருக்காது, சின்னச் சின்னச் சுருள். நான் பதறிப்போய், "உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று கேட்டேன். "இதுதான் என் முடி" என்று சிரித்தார். அழகாக இருக்கிறது என்று சொல்லி, "தொட்டுப் பார்க்கலாமா?" என்று கையையும் நீட்டிவிட்டேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். அன்றிலிருந்து பேச்சு அளவோடுதான்.

எனக்கும் சுருட்டை முடிதான். பள்ளியில் 'பரட்டை' என்பார்கள். கல்யாணத்துக்கு முன் பார்லரில் நேராக்கிக்கொண்டேன். அதை வைத்து நான் அரசியல் பேசியதில்லை. முடியை இவர்கள் ஏன் இவ்வளவு பெரிய விஷயமாக்குகிறார்கள்? இன்னொரு சந்தேகம்: நம் கோயில்களில் இறக்கும் முடிதான் இவர்கள் தலைக்குப் போகிறது என்கிறார்களே, உண்மையா?

என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் ஒளிக்காமல் எழுதியிருப்பதால் நானும் சுற்றிவளைக்காமல் எழுதுகிறேன். முடியைப் பெரிய விஷயமாக்கியது யார் என்று தேடிப் போனால், உங்கள் தோழியின் முன்னோர்கள் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். 1786-இல் லூசியானா ஸ்பெயினின் கையில் இருந்தது. ஆளுநர் எஸ்டெபன் மிரோ ஓர் ஆணை போட்டார். நியூ ஆர்லியன்ஸின் கறுப்பினப் பெண்கள், அடிமைத்தளையில் இல்லாதவர்களும்கூட, தலையை அலங்கரித்துக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது; துணியால் கட்டி மறைக்க வேண்டும். அந்த அலங்காரம் வெள்ளைக்கார ஆண்களின் கண்ணை இழுக்கிறது என்பது மேட்டுக்குடியின் மனக்குறை. பெண்கள் அடங்கிப்போகவில்லை. பட்டும், கட்டம் போட்ட மதராஸ் துணியும் (ஆம், நம் கரையிலிருந்து கப்பலேறிய துணிதான்) வாங்கி, அடுக்கடுக்காகக் கட்டி, நகையும் இறகும் செருகிக்கொண்டு வந்தார்கள். தண்டனையாக விதித்த தலைக்கட்டு ஊரின் நாகரிகமாகிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கீழ்ப்படியாமைகளில் இது ஒன்று.

அது பழங்கதை என்பீர்கள். 1980-க்கு வாருங்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸில் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ரெனே ரோஜர்ஸ் என்ற கறுப்பினப் பெண், தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னும் 'கார்ன்ரோ' பின்னலோடு வேலைக்கு வந்தார். நிறுவனம் தடுத்தது. வழக்குத் தொடுத்தார், 1981-இல் தோற்றார். ஆஃப்ரோ (சுருள் முடியை நேராக்காமல் அப்படியே உருண்டையாக வளரவிடுவது) என்றால் பிறவியில் வந்தது, அதைத் தடுத்தால் கேள்வி எழலாம். பின்னல் கையால் செய்துகொள்வது, கலைத்துவிட்டு வரலாம் என்பது நீதிமன்றத்தின் தர்க்கம். அதற்குச் சற்று முன்பு ஒரு வெள்ளைக்கார நடிகை அதே பின்னலோடு திரையில் தோன்றியிருந்தார். ரோஜர்ஸ் பின்னலோடு வந்தது அதற்குப் பிறகுதான் என்பதைத் தீர்ப்பு அக்கறையாகக் குறித்துக்கொண்டது. ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகப் பின்னிவந்த பின்னலுக்கு ஹாலிவுட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழ்!

2010-இல் அலபாமாவின் மொபைல் நகரில் இன்னொரு பெண்ணுக்குக் கையில் கிடைத்த வேலை போனது. காரணம், அவர் தலையில் இருந்த சடைமுடி, அதாவது 'லாக்ஸ்'. 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. இதற்கெல்லாம் பிறகுதான் 2019-இல் கலிபோர்னியா 'கிரௌன் சட்டம்' கொண்டுவந்தது. முடியின் இயல்பையும், பின்னல், முறுக்கு, சடை போன்ற அலங்காரங்களையும் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. இன்று 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிச் சட்டம் இருக்கிறது. நாடு முழுமைக்குமான மசோதா 2022-இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது. நீங்கள் இருக்கும் டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே மாதம், உங்கள் ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு பள்ளியில், லாக்ஸ் வளர்த்திருந்த ஒரு மாணவனை வகுப்புக்குள் விடாமல் தனியே உட்காரவைத்தார்கள். அலங்காரத்தை நாங்கள் தடுக்கவில்லை, நீளத்தைத்தான் தடுக்கிறோம் என்றது பள்ளி. 2024 பிப்ரவரியில் நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டார்.

உங்களைப் 'பரட்டை' என்றவர்கள் முட்டாள்கள், அந்த வலி நிஜம். ஆனால் உங்கள் சுருட்டை முடியோடு நீங்கள் வங்கி வேலைக்குப் போயிருந்தால் யாரும் நியமன ஆணையைத் திரும்பப் பெற்றிருக்க மாட்டார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அடுத்தது பார்லர். நீங்கள் செய்துகொண்டதும் அவர்கள் செய்துகொள்வதும் ஒன்றல்ல. 'ரிலாக்சர்' என்று அவர்கள் சொல்லும் களிம்பின் பழைய, வலுவான வகையில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. நம் ஊர்ச் சோப்புக்காரர்களுக்குக் காஸ்டிக் சோடா என்றால் தெரியும். முடியைச் சுருளாகப் பிடித்துவைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைத்துவிடுகிறது. பூசுவதற்கு முன் உச்சந்தலையிலும் காதோரத்திலும் வாசலின் தடவுவார்கள். முந்தின நாள்களில் தலையைச் சொறிந்திருக்கக் கூடாது. கீறல் இருந்தால் அந்த இடம் வெந்துவிடும். எரிச்சல் தொடங்கிய பிறகும், 'இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இன்னும் நேராகும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் அங்கே ஏராளமான பெண்களுக்கு உண்டு. ஆறேழு வயதிலேயே இது தொடங்கிவிடும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை, புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மறுபடி பூச்சு.

2022 அக்டோபரில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், 33,497 பெண்களைச் சுமார் 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். முடியை நேராக்கும் பொருள்களையே பயன்படுத்தாத பெண்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 சதவீதம், முந்தைய ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இப்பொருள்களைப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள்.

உங்கள் தோழி ஏன் ஒட்ட வெட்டினார் என்பதற்கு வருகிறேன். ரிலாக்சரை நிறுத்தியதும் வேரில் சுருள் முடி வளரத் தொடங்கும். கீழே பழைய நேர்முடி தொங்கும். இரண்டும் சேரும் இடம் பலவீனமானது, சீப்புப் பட்டால் ஒடியும். ஒன்று, அந்த இரண்டையும் மாதக்கணக்கில் சமாளித்து மெல்ல மெல்ல நுனியை வெட்டிவர வேண்டும். அல்லது ஒரே நாளில் பழையதை முழுக்க வெட்டிவிட வேண்டும். இரண்டாவதற்கு அவர்களிடம் 'பிக் சாப்' என்று பெயர். உங்கள் தோழி செய்தது இதுவாகத்தான் இருக்கும். எத்தனையோ நாள் யோசித்து, துணிந்து, வெட்டிக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தவரிடம் நீங்கள் நோயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் என் மனதைத் தைத்தது வேறு. முப்பது வயதுவரை தன் தலையில் வளரும் முடி எப்படிப்பட்டது என்றே தெரியாத பெண்கள் அங்கே உண்டு. நினைவு தெரிந்த நாளிலிருந்து களிம்பு, அதற்கு முன் அம்மாவுக்குக் களிம்பு, பாட்டிக்கு அடுப்பில் காய்ச்சி இழுத்த இரும்புச் சீப்பு. (அந்தச் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் மேடம் சி. ஜே. வாக்கர் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. 1867-இல் பிறந்து, துணி வெளுத்துப் பிழைத்து, தன் தலைமுடி உதிர்ந்ததால் மருந்து தேடத் தொடங்கிப் பெரும் தொழில் நடத்தியவர் அவர். தன்னை முடி நேராக்குபவர் என்று அழைப்பதை அவர் விரும்பவில்லை.) அடிமைகளாகக் கப்பலேற்றியபோதே பின்னவும் வாரவும் எண்ணெயிடவும் தெரிந்த கைகளுக்கு நேரமும் சீப்பும் மறுக்கப்பட்டன. பின்னல் எப்படியோ பிழைத்தது. அவிழ்த்துவிட்ட முடியை அன்றாடம் பராமரிக்கும் வித்தைதான் பெரும்பாலும் கைமாறாமல் போனது. 1960-களில் ஆஃப்ரோ எழுந்தது. 1970-இல் கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸின் படத்தை எஃப்.பி.ஐ. தேடப்படுவோர் சுவரொட்டியில் ஒட்டியபோது, ஆஃப்ரோ வைத்த பாவத்துக்காகவே வேறு பல பெண்கள் தெருவில் நிறுத்தி விசாரிக்கப்பட்டார்கள். அந்த அலை அடங்கியதும் மறுபடி ரிலாக்சர்தான். இந்த நூற்றாண்டில் எழுந்த இரண்டாவது அலையில் பெண்கள் தங்கள் குளியலறைகளில் காமிராவை வைத்து, ஒருவருக்கொருவர் தலைவாரச் சொல்லிக்கொடுத்தார்கள். ரிலாக்சர் விற்பனை சரிந்தது. முழக்கத்தைவிட இந்தப் பாடம் பெரியது என்பேன்.

அட்லாண்டாவில் தங்கை வீட்டில் இருந்த நாள்களில், பக்கத்து வீட்டுப் பெண் தன் மகளுக்குத் தலைக்குக் குளிப்பாட்டுவதைப் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் தொடங்கி மதியச் சாப்பாடுவரை போனது. முடியை முதலில் பாகம் பாகமாகப் பிரித்துக் கவ்விகளால் பிடித்தார். ஒரு பாகத்தை மட்டும் அவிழ்த்துத் தண்ணீர் தெளித்து, கை நிறையக் கண்டிஷனரை அப்பினார். சிக்கை விரலால் எடுத்த பிறகே அகலப் பல் சீப்பு. அதுவும் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல வேரை நோக்கி. நாம் உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுக்கிறோமே, அப்படி இழுத்தால் அந்த முடி அறுந்து கையோடு வந்துவிடும். அலசியதும், ஈரம் போகுமுன் எண்ணெய், அதன்மேல் பசைபோன்ற க்ரீம், பிறகு இரண்டிரண்டு புரியாக முறுக்கு. நனைந்திருந்தபோது தோளைத் தொட்ட முடி, காயக் காயச் சுருங்கிக் காதுக்கு ஏறிவிட்டது. இரவில் தலையணையின் பருத்தி ஈரத்தை உறிஞ்சாமலிருக்கச் சாட்டின் தொப்பி. குழந்தை நடுவில் நான்கைந்து முறை அழுதது, கார்ட்டூன் பார்த்தது, மறுபடி அழுதது. "என் அம்மாவுக்கு இது தெரியாது. எனக்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும்" என்றார் அந்தப் பெண், முறுக்குவதை நிறுத்தாமல்.

இத்தனை பாடு ஏன்? நம் தலையில் சுரக்கும் எண்ணெய் நேரான முடிவழியே நுனிவரை இறங்கும். நெருக்கச் சுருளில் அது இறங்குவதில்லை; முடி சீக்கிரம் வறண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒடியக் காத்திருக்கும். 'கறுப்பர்களுக்கு முடி வளராது' என்று நம்மவர்கள் சொல்லும் பேச்சு இதிலிருந்து வந்ததுதான். வளர்கிறது, வளரும் வேகத்திலேயே நுனியில் ஒடிகிறது. ஒடிவதைத் தடுத்தால் இடுப்புவரைகூட வரும். அவர்கள் கொண்டாடும் ஜமைக்கா விளக்கெண்ணெய், ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து எடுப்பது. நம் பாட்டிமார்கள் காய்ச்சிய அதே முறை.

அவர்களுக்குள்ளும் குறை உண்டு. ஓப்ரா வின்ஃப்ரியின் சிகையலங்காரர் ஆந்த்ரே வாக்கர் வகுத்த முடிவகைகள், நேர்முடிக்கு 1, நெருக்கச் சுருளுக்கு 4 என்று போகும். இயற்கை முடி என்று விளம்பரத்தில் வருபவர்கள் பெரும்பாலும் தளர்ந்து விழும் மூன்றாம் வகைக்காரர்கள். நாலாம் வகையின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கு இன்றும் க்ரீம் விற்கிறார்கள், அட்டைப்படம் தருவதில்லை. 2019-இல் தென்னாப்பிரிக்காவின் ஸோஸிபினி டுன்ஸி ஒட்ட வெட்டிய தலையோடு பிரபஞ்ச அழகி ஆனதை அங்குள்ள பெண்கள் அவ்வளவு கொண்டாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோயில் முடி பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான். திருப்பதியில் இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. நம் முருகன் கோயில்களிலும் முடி ஏலம் உண்டு. வேர் ஒருபுறமும் நுனி ஒருபுறமும் மாறாமல் அடுக்கிய நீளமுடிக்கு உலகச் சந்தையில் நல்ல விலை. சென்னை அதன் முக்கியமான ஏற்றுமதி மையங்களில் ஒன்று. அமெரிக்காவில் விக்காகவும், தலையில் வைத்துத் தைக்கும் 'வீவ்' ஆகவும் கறுப்பினப் பெண்கள் அதை வாங்குகிறார்கள். அவர்கள் மட்டுமல்ல, எல்லா நிறத்தவரும் வாங்குகிறார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். விக் வைப்பவரைவிட இயற்கை முடிக்காரர் உயர்ந்தவர் என்று நான் நினைக்கவில்லை. நாளை உங்கள் தோழியே மறுபடி விக் வைத்துக்கொண்டு வரலாம். அது அவர் தலை. அப்போதும் ஆச்சரியப்படாதீர்கள்.

தொடக் கை நீட்டியதற்கு வருகிறேன். நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் பஸ்ஸில், கடை வரிசையில், கூட்டத்தில், முன்பின் அறியாதவர்கள் விரலை விட்டுப் பார்க்கும் தலை அது. கேட்டுவிட்டுத் தொடுபவர்களும் பதில் வருமுன் தொட்டுவிடுகிறார்கள். நீங்களும் கையை நீட்டிவிட்டுத்தான் காத்திருந்தீர்கள். நீளமான மன்னிப்பு வேண்டாம். நீங்கள் உருகினால் அவர்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். "அன்று கை நீட்டியது தப்பு, மன்னியுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உங்கள் கணக்கைப் பாருங்கள். கந்தகப் பிணைப்பு, நியூ ஆர்லியன்ஸ், புற்றுநோய் ஆய்வு என்று நான் எழுதியதையெல்லாம் அவரிடம் போய் ஒப்பிக்கவும் வேண்டாம். அவருக்கு அது புதிதல்ல.

அன்புடன்.