ஜெபமே வரவில்லை, என் விசுவாசம் போய்விட்டதா?

கேள்வி: அக்கா, ஸ்தோத்திரம். எங்களுக்குப் பொறையாறு பக்கம் ஒரு கிராமம். மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஐப்பசி மழையில் சம்பா மூழ்கி, மறுநடவுக்கு நகையை அடகு வைத்தோம். வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்க்கிறார், ரெண்டு பிள்ளைகளையும் நான்தான் பார்க்கிறேன். ராத்திரி வேதத்தைத் திறந்தால் தூக்கம் சொக்குகிறது, இல்லையென்றால் அழுகை வருகிறது. ஜெபக்குழுவில் சொன்னதற்கு, "விசுவாசம் குறைந்துபோச்சு, மூணு நாள் உபவாசம் இரு" என்கிறார்கள். இருக்கட்டுமா?

- பெயர் வேண்டாம்

பதில்: சகோதரி, உபவாசம் வேண்டாம். முதலில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். தூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசம் எங்கே என்று விசாரிக்கவும் இல்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் காட்டி, சாப்பிடு என்கிறான். சாப்பிட்டவர் திரும்பவும் படுத்துவிடுகிறார்! மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஓரேப் மலையில் கர்த்தர் மெல்லிய சத்தத்தில் அவரோடு பேசியது அதற்கப்புறம்தான்.

ஜெபம் வரவில்லை என்கிறீர்கள், ஆனால் அழுகை வருகிறதே. 88-ம் சங்கீதம் முழுக்கப் புலம்பல், முடிவதும் இருட்டில்தான், அதையும் எடுத்துப்போடாமல் ஜெபமாகத்தானே வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியில், டேனிஷ்காரர் ஆண்ட காலத்தில், ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் 1715-ல் தமிழில் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டிலும் (அவரும் டேனிஷ் தளபதியைப் பகைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கோட்டையில் சிறை இருந்தவர்தான்) மத்தேயு 11 இருக்கிறது. அங்கே இயேசு கூப்பிடுவது பாரம் சுமந்து களைத்தவர்களை, தெம்பாக இருப்பவர்களை இல்லை. ஆக, உங்கள் விசுவாசம் எங்கேயும் போகவில்லை, உடம்புதான் ஓய்ந்துபோயிருக்கிறது. ராத்திரி ஒரே ஒரு வசனம் படித்துவிட்டுத் தூங்குங்கள், போதும்.

இன்னொன்று. மோசேயே எண்ணாகமம் 11-ல் இந்த ஜனத்தை என் ஒருவனால் தாங்க முடியாது என்று கத்திவிடுகிறார். கர்த்தர் அவருக்குத் தோளை அகலமாக்கித் தரவில்லை, எழுபது மூப்பரைக் கூட்டிச் சுமையைப் பங்கு போட்டார். உங்களுக்கு எழுபது பேர் வேண்டாம், உபவாசம் சொன்ன அந்த அக்காமாரே போதும். வாரத்தில் ஒரு மத்தியானம் ஆளுக்கு ஒருத்தர் மாமியார் பக்கத்தில் உட்காரட்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆயரம்மா மூலமாகக் கேளுங்கள். நாத்தனார் இருந்தால் அவரையும் விடாதீர்கள், அவருக்குத்தானே அம்மா! 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

எலியா மாதிரி "போதும்" என்கிற நினைப்பு உங்களுக்கும் வந்தால், அன்றைக்கே வீட்டுக்காரருக்கு போன் போடுங்கள், 14416-க்கும் போடுங்கள். அது டெலி மானஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதைப் பேசியதற்காக யாராவது விசுவாசக் குறைச்சல் என்றால் என் பேரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.