மல்ச்சர் வாங்கலாமா, ஆள் வைத்து அடிக்கலாமா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): வணக்கம் சார். எனக்குச் சொந்த ஊர் பரமக்குடி. 14 வருஷமாக ஆஸ்டினில் ஐ.டி. வேலை. மேற்கே பிளாங்கோ கவுண்டியில் 24 ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் 10 ஏக்கர் அடர்ந்த சீடர் மரம், 4 ஏக்கர் மெஸ்கீட் புதர். போன வருஷம் 74 குதிரைத்திறன் கொண்ட பழைய டிராக் லோடர் ஒன்றை 38,000 டாலருக்கு வாங்கினேன். அதில் மாட்ட, மரத்தையும் புதரையும் நின்ற இடத்திலேயே அரைத்துத் தள்ளும் டிரம் மல்ச்சர் வாங்கலாம் என்று டீலர் சொல்கிறார். விலை 31,000. முன்பணம் வேண்டாம், 8 சதவீத வட்டி, 5 வருஷம், மாதம் 629 டாலர். வரியில் முழுத் தொகையையும் கழித்துவிடலாம், வார இறுதியில் பக்கத்து நிலங்களில் வேலை செய்தே தவணையைக் கட்டிவிடலாம் என்கிறார். ஏலத்தில் பழைய டிஸ்க் மல்ச்சர் ஒன்று 14,500-க்கு வருகிறது. மல்ச்சரோடு ஆள் வைத்துப் புதரை அடித்தால் நாளுக்கு 2,000 டாலராம், நாளுக்கு 2 ஏக்கர் முடிப்பார்களாம். கையிருப்பு 26,000. எதை வாங்குவது?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் லோடரின் கையேட்டை எடுத்து ஹைட்ராலிக் பக்கத்தைப் பாருங்கள். அது சாதாரண ஃப்ளோ (எண்ணெய் ஓட்டம்) வண்டி என்றும், நிமிடத்துக்கு 20 கேலன், 3,300 பி.எஸ்.ஐ. அழுத்தம் என்றும் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் இருக்க வேண்டிய விஷயம் அது.

மல்ச்சரைச் சுழற்றுவது எஞ்சின் நேரடியாக அல்ல, ஹைட்ராலிக் எண்ணெய்தான். எத்தனை கேலன் என்பதை அழுத்தத்தால் பெருக்கி 1,714-ஆல் வகுத்தால், அட்டாச்மென்டுக்குப் போய்ச் சேரும் குதிரைத்திறன் கிடைக்கும். உங்கள் வண்டிக்கு அது 38 சொச்சம். எஞ்சின் 74 என்று ஸ்டிக்கர் சொல்கிறது, மல்ச்சருக்குக் கிடைப்பதோ அதில் பாதி. குழாயிலும் மோட்டாரிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும், அதை நான் கழிக்கவே இல்லை. ஆள் வைத்து அடிப்பவர்கள் கொண்டுவருவது ஹை ஃப்ளோ வண்டி. நிமிடத்துக்கு 36 கேலன், 4,000 பி.எஸ்.ஐ. என்று வைத்தால் 84 வரும். டீலர் "ஓடும்" என்றது பொய்யல்ல. ஓடும். ஒரு தடி சீடரைக் கடித்ததும் டிரம் வேகம் இழந்து நிற்கும், நீங்கள் பின்னால் வந்து அது மறுபடி வேகம் எடுக்கும்வரை காத்திருப்பீர்கள். நாள் முழுக்க இதே கதைதான்.

அதனால் உங்கள் வண்டிக்கு நாளுக்கு அரை ஏக்கர் என்றுதான் நான் கணக்கு வைப்பேன். 10 ஏக்கருக்கு 20 முழு நாள். வேலைக்குப் போகிறவருக்கு அது 20 சனிக்கிழமை. குழந்தைகளின் தமிழ்ப்பள்ளி, மழை, பழுது எல்லாம் சேர்ந்தால் சுலபமாக 2 வருஷத்துக்கு இழுக்கும்.

சரி, 2 வருஷத்தில் வேலை முடிந்து மல்ச்சரை விற்கிறீர்கள் என்று வையுங்கள். 31,000-க்கு வாங்கியது 19,000-க்குப் போனால் நல்ல விலை என்பேன். அங்கே 12,000 போயிற்று. அந்த 24 தவணைகளில் வட்டி மட்டும் 4,144. மாநில விற்பனை வரி 6.25 சதவீதம், அது 1,937. உள்ளூர் வரி தனி. மணிக்கு 4 கேலன் டீசல், நாளுக்கு 7 மணி நேரம், கேலன் 3 டாலர் என்றால் 20 நாளைக்கு 1,680. கூட்டினால் 19,761. பல் தேய்மானம், எண்ணெய், ஃபில்டர், லோடரின் தேய்மானம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு கார்பைடு பல் என்ன விலை என்று டீலரிடம் கேட்டு, டிரம்மில் எத்தனை பல் இருக்கிறதோ அத்தனையால் பெருக்கிப் பாருங்கள். சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்பது இந்த இடத்துக்குத்தான் பொருந்தும்.

அதே 10 ஏக்கரை ஆள் வைத்து அடித்தால் 5 நாள், 10,000 டாலர். டீசலும் பல்லும் அவர்கள் பாடு.

இன்னொன்று. 24 தவணை கட்டிய பிறகும் கடன் பாக்கி 20,059 இருக்கும். 19,000-க்கு விற்றால், மல்ச்சரும் போய், மேற்கொண்டு ஆயிரம் டாலர் கையிலிருந்து போட்டால்தான் கடன் அடையும். முன்பணம் வேண்டாம் என்பதை டீலர் சலுகையாகச் சொல்கிறார். அதன் மறுபக்கம் இதுதான்.

வரி விஷயத்துக்கு வருவோம். எனக்கு வரும் கடிதங்களில் பாதிப்பேர் தடுக்கி விழுவது இங்கேதான். வாங்கிய இயந்திரத்தின் விலையை அதே வருஷம் வருமானத்திலிருந்து கழிக்க விடும் பிரிவு 179 இருக்கிறது. 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கும் இயந்திரங்களுக்கு அதே வேலையைச் செய்யும் 100 சதவீத போனஸ் தேய்மானமும் திரும்பி வந்துவிட்டது, பழைய இயந்திரத்துக்கும் பொருந்தும். டீலர் சொன்னதில் அதுவரை தப்பில்லை. ஆனால் இரண்டும் தொழிலுக்கு. உங்கள் நிலத்தில் பக்கத்துக்காரரின் மாடு மேய்கிறது, அதனால் விவசாய மதிப்பீடு கிடைத்து சொத்து வரி குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கவுண்டி கணக்கு. மத்திய வருமான வரித்துறையான ஐ.ஆர்.எஸ். கணக்கு வேறு. மேய்ச்சலுக்கு விட்டு வருஷத்துக்குச் சில நூறு டாலர் வாங்குவதாலேயே நீங்கள் விவசாயத் தொழில் செய்கிறவர் ஆகிவிட மாட்டீர்கள். லாப நோக்கு இருக்கிறதா, நீங்களே நடத்துகிறீர்களா, கணக்குப் புத்தகம் எங்கே என்று கேட்பார்கள். பொழுதுபோக்கு என்று முடிவானால் கழிவு கிடையாது.

கிடைத்தாலும் கழிவு வேறு, தள்ளுபடி வேறு. நீங்கள் 24 சதவீத வரி வரம்பில் இருந்தால் 31,000 கழித்ததில் மிச்சமாவது 7,440. பிறகு விற்கும்போது அந்த 19,000-மும் சாதாரண வருமானமாகத் திரும்பி வந்து வரி கேட்கும். விற்பனை வரி விலக்கும் இதே மாதிரிதான்: மாநில வரியை வசூலிக்கும் டெக்சாஸ் கம்ப்ட்ரோலரிடம் விவசாயப் பதிவு எண் வேண்டும், இயந்திரம் விவசாய உற்பத்திக்கு மட்டுமே பயன்பட வேண்டும். வீடு கட்ட இடம் ஒதுக்கவும், பக்கத்து நிலத்தில் காசுக்கு அடிக்கவும் ஓட்டினால் அந்த விலக்கு நிற்காது.

பக்கத்து நிலங்களில் சம்பாதிக்கும் யோசனையைப் பற்றி ஒரு கேள்வி. விசா நிலையை நீங்கள் எழுதவில்லை. 14 வருஷமாகியும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் நம்மவர்களில் நிறைய. நீங்கள் எச்-1பி-யில் இருந்தால் பேச்சு இங்கேயே முடிந்தது. உங்களுக்காக மனு போட்ட நிறுவனத்தைத் தவிர வேறு வேலை செய்து காசு வாங்கக் கூடாது, சனிக்கிழமையானாலும். சில ஆயிரம் டாலருக்காக 14 வருஷக் காத்திருப்பைப் பணயம் வைக்காதீர்கள். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் அந்தத் தடை இல்லை. ஆனால் 38 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு யாரிடமும் நாளுக்கு 2,000 கேட்க முடியாது. பொறுப்புக் காப்பீடு வேண்டும். லோடரும் மல்ச்சரும் டிரெய்லரும் சேர்ந்தால் உங்கள் பிக்கப் இழுக்காது. அந்தத் தொழிலைச் செய்ய வேண்டுமென்றால் லோடரையே மாற்ற வேண்டும், அது வேறு கடிதம்.

ஏலத்து டிஸ்க் மல்ச்சரை விட்டுவிடுங்கள். டிஸ்க் மரத்தை வேகமாகச் சாய்க்கும், ஆனால் துண்டுகளை வெகுதூரம் வீசியெறியும். உங்கள் வண்டியில் இருப்பது சாதாரணக் கண்ணாடிக் கதவு. கெட்டியான பாலிகார்பனேட் கதவும் காட்டு வேலைக்கான கூண்டும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது. அதற்கும் செலவு இருக்கிறது. மல்ச்சர் மோட்டாரில் கசியும் எண்ணெயைத் திருப்பி எடுக்கும் தனி டிரெயின் குழாய் உங்கள் வண்டியில் இருக்கிறதா என்பதும் தெரியாது. என்றைக்காவது வாங்கினால் டிரம்மையே வாங்குங்கள், கார்பைடு பல்லோடு. கத்திப் பல் சுத்தமாக வெட்டும், குறைந்த சக்தியில் வேலை செய்யும். ஆனால் உங்கள் பக்கம் மண்ணைவிடச் சுண்ணாம்புக்கல்தான் அதிகம். கத்தியைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அந்த 4 ஏக்கர் மெஸ்கீட்டுக்கு வருவோம். பரமக்குடிக்காரருக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம். நம் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி அது. தரையோடு வெட்டிய சீமைக்கருவேலம் அடுத்த மழைக்கு என்ன செய்யும் என்று சின்ன வயதிலேயே பார்த்திருப்பீர்கள். மெஸ்கீட்டும் அப்படித்தான், மண்ணுக்குக் கீழே இருக்கும் மொட்டுப் பகுதியிலிருந்து ஒன்றுக்கு நாலாகக் கிளம்பும். மல்ச்சரால் அடித்தால் முடிவெட்டி விட்ட மாதிரிதான். வேரோடு கெல்லி எடுக்க வேண்டும், அல்லது வெட்டியவுடன் அடிக்கட்டையில் களைக்கொல்லி பூச வேண்டும். கெல்லி எடுக்க லோடரில் மாட்டும் கிரப்பர் இருக்கிறது, அதற்குப் பெரிய ஃப்ளோ தேவையில்லை, விலையும் மல்ச்சரில் ஒரு சின்னப் பங்குதான். உங்கள் லோடருக்கு ஏற்ற வேலை அது. சீடருக்கு இந்தத் தொல்லை இல்லை. நாம் சீடர் என்று சொல்லும் ஆஷ் ஜூனிப்பரைக் கடைசிப் பச்சைக் கிளைக்குக் கீழே வெட்டிவிட்டால் திரும்பத் துளிர்க்காது. ஆக, மல்ச்சர் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த 10 ஏக்கருக்கு, ஒரே ஒரு முறை.

ஒரு முறை வேலைக்கு இயந்திரம் வாங்குவதில் எனக்கும் அனுபவம் உண்டு. நான் இரண்டே தடவை ஓட்டிய விறகு பிளக்கும் இயந்திரம் கராஜில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. என் மனைவி அதன் மேல் வடாம் காய வைக்கிறாள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் கவுண்டிக்கான என்.ஆர்.சி.எஸ். (மத்திய அரசின் இயற்கை வளப் பாதுகாப்பு) அலுவலகத்துக்குப் போவேன். மத்திய விவசாயத் துறையின் ஈக்விப் திட்டத்தில் புதர் அகற்றலுக்குச் செலவில் ஒரு பங்கு தருகிறார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கிவிட்டால் காசு கிடையாது, வேலை முடிந்து அவர்கள் பார்த்த பிறகுதான் பணம் வரும். எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், விண்ணப்பிக்கச் செலவு இல்லை. அதுவரை கையிருப்பு 26,000-ஐத் தொடாதீர்கள். 10,000 போனாலும் 16,000 மிஞ்சும், லேஆஃப் காலத்தில் அது முக்கியம்.

வேலையை செப்டம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவில் வையுங்கள். பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை ஓக் மரங்களில் காயம் பட்டால் ஓக் வில்ட் நோய் தொற்றும் ஆபத்து அதிகம், ஒரு பெரிய லைவ் ஓக் செத்தால் நிலத்தின் விலையே இறங்கும். மார்ச் முதல் கோடை முடியும்வரை பொன்கன்ன வார்ப்ளர் குருவி கூடு கட்டும் காலம். அழிவில் இருக்கும் இனமாகச் சட்டம் காக்கிறது. உரிந்து தொங்கும் பட்டையோடு இருக்கும் வயதான சீடர்களில்தான் அது கூட்டுக்கு நார் எடுக்கும். அந்த மரங்கள் உங்கள் பத்து ஏக்கரில் இருக்கின்றனவா என்று தெரிந்தவரைக் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஆளை அழைக்க வேண்டும்.

ஆளிடம் பேசும்போது நாள் கணக்கில் பேசாமல் ஏக்கர் கணக்கில் விலை கேளுங்கள். 2 ஏக்கர் என்று சொல்லிவிட்டு 1 ஏக்கர் அடித்தால் 10,000 என்பது 20,000 ஆகிவிடும். அடிக்கட்டை எவ்வளவு உயரம் நிற்கலாம், எந்த ஓக்குகளைச் சுற்றி எத்தனை அடி விட வேண்டும், காப்பீட்டுச் சான்றிதழ் யார் பேரில் இருக்கிறது என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முதல் ஏக்கரை அடித்து முடித்ததும் நடந்து பார்த்துவிட்டு மீதிக்குச் சரி சொல்லுங்கள்.