கப்பல் கரையில் நிற்கும் பகலில் முக்குளிக்க முடியுமா?

கேள்வி: டிசம்பரில் பினாங்கு சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து சொகுசுக் கப்பலில் போகிறோம், நானும் என் கணவரும். முதல் நாள் லங்காவி, காலை 8 முதல் மாலை 5 வரை. மறுநாள் பூக்கெட், காலை 9 முதல் இரவு 7 வரை. அதற்கடுத்த காலை மீண்டும் பினாங்கு. கணவருக்கு வயது 47. ஓப்பன் வாட்டர் என்ற முதல் நிலை ஸ்கூபா முக்குளிப்புச் சான்றிதழ் வைத்திருக்கிறார். கடைசியாகப் பெர்ஹெந்தியானில் முக்குளித்து மூன்று வருடம் ஆகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு நீச்சல் தெரியும், முக்குளித்ததில்லை. இரண்டு இடத்திலும் முக்குளிக்க முடியுமா? கப்பலிலேயே பதிவு செய்வதா, வெளியே பார்ப்பதா? (பிறை வாசகி)

பதில்: முடியும் சகோதரி. ஆனால் இரண்டு இடத்திலும் வேண்டாம். பூக்கெட்டில் முக்குளியுங்கள், லங்காவியை விட்டுவிடுங்கள்.

கப்பல் பயணத்தில் முக்குளிப்பைத் தீர்மானிப்பது கடல் இல்லை, கடிகாரம். பலர் முதலில் முக்குளிப்பு இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் கப்பல் நேரத்தோடு அதைப் பொருத்தப் பார்க்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கப்பலில் ஏறியே ஆக வேண்டிய நேரத்தை எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மிஞ்சுகிற நேரத்துக்குள் என்ன அடங்குமோ அதுதான் உங்கள் முக்குளிப்பு.

லங்காவியை முதலில் பார்ப்போம். அங்கே முக்குளிப்பு என்றாலே பாயார் தீவுக் கடல் பூங்காதான். பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என நான்கு தீவுகள் சேர்ந்தது. லங்காவிக்குத் தெற்கே இருக்கிறது, படகுகள் குவா ஜெட்டியிலிருந்து கிளம்பும். பெரிய கப்பல்கள் நிற்பது தீவின் மேற்குப் பக்கம், தெலுக் பாருவில். அங்கிருந்து குவாவுக்குக் காரில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். குவாவிலிருந்து பாயாருக்குப் படகில் இன்னொரு முக்கால் மணி, ஒரு மணி நேரம். பயணிகளை இறக்கும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் சேர்த்தால், மாலை 5 மணிக்குக் கிளம்பும் கப்பலுக்கு அது மிக நெருக்கமான கணக்கு. அங்கே தண்ணீரும் பல நாள் கலங்கலாகத்தான் இருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் பிறையில் இருக்கிறீர்கள். ஒரு வார இறுதியில் கோலக் கெடாவரை காரில் போய், அங்கே ஃபெர்ரி பிடித்தால் லங்காவி. கப்பல் பதற்றம் இல்லாமல் பாயாரில் ஒரு முழுப் பகல் இருக்கலாம். அண்டை வீட்டுக் கடலை இந்த அவசரத்தில் பார்ப்பானேன்?

இனி பூக்கெட். டிசம்பரில் போவது நல்லது. நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை அந்தமான் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். நம் கிழக்குக்கரையில் பெர்ஹெந்தியானும் ரெடாங்கும் பருவமழையால் ஏறக்குறைய மூடிக் கிடக்கிற நேரம் அது. இதே கப்பலில் ஜூன், ஜூலையில் போகிறவர்களுக்கு நான் வேறு பதில் சொல்வேன். அப்போது தென்மேற்குப் பருவக்காற்று பூக்கெட்டின் மேற்குக் கடற்கரையை நேராக அடிக்கும்.

நீங்கள் கப்பல் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பூக்கெட்டில் கப்பல் எங்கே நிற்கும் என்பது. இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, தீவின் தென்கிழக்கில் மக்காம் விரிகுடாவில் உள்ள ஆழ்கடல் துறைமுகம். அங்கே கப்பல் பாலத்தோடு அணைந்து நிற்கும், நடந்தே இறங்கலாம். மற்றது மேற்கே பட்டோங் கடற்கரைக்கு எதிரே. அங்கே கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், டெண்டர் எனப்படும் சிறு படகில்தான் கரைக்குப் போக வேண்டும். டெண்டரில் கப்பலின் சொந்தச் சுற்றுலாக்காரர்களை முதலில் அனுப்புவது வழக்கம். தனியாகப் போகிறவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது நேர வித்தியாசம். இதைக் கவனமாகப் படியுங்கள். தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும், சில மலேசிய நேரத்திலேயே ஓடும். உங்கள் கப்பல் மாற்றாவிட்டால், கரையில் இறங்கியதும் உங்கள் கைத்தொலைபேசி தானாகத் தாய்லாந்து நேரத்தைக் காட்டும். கப்பலில் மாலை 6 மணி என்றால் தொலைபேசியில் 5 மணி. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று கடைத்தெருவில் நின்றுகொண்டிருப்பீர்கள், கப்பல் கதவை மூடிவிடும். கப்பல் நேரம் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். முக்குளிப்பு மையத்தோடு பேசும்போதும், சொல்வது எந்த நேரம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். கப்பல் பட்டோங்கில் நிற்கிறது, மலேசிய நேரத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 7 மணிக்குப் புறப்பாடு என்றால் எல்லாரும் 6 மணிக்குள் ஏறச் சொல்வார்கள். காலை 9 மணிக்கு நங்கூரம், டெண்டரில் நீங்கள் கரை சேர 10 மணி. பூக்கெட்டின் வழக்கமான முக்குளிப்புப் படகுகள் தெற்கே சலோங் பாலத்திலிருந்து உள்ளூர் நேரம் 8:30 வாக்கில், அதாவது கப்பல் நேரம் 9:30 வாக்கில் கிளம்பிவிடும். நீங்கள் பட்டோங்கில் கால் வைக்கும்போது அந்தப் படகு கடலில் இருக்கும். கிடைத்தாலும் அது திரும்புவது மாலையில். ராச்சா யாய், ஷார்க் பாயிண்ட், கிங் குரூசர் என்று உங்கள் கணவர் குறித்து வைத்திருக்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் இந்தப் படகுகள் போகிற இடங்கள்தாம். கிங் குரூசர் 1997 மே 4 அன்று அனிமோன் பாறையில் மோதி மூழ்கிய ஃபெர்ரி. அதன் அடிப்பகுதி ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு வரம்பு 18 மீட்டர். மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு அங்கே போய் இறங்க வேண்டியதில்லை. சிமிலான் தீவுகளைப் பற்றி யாராவது சொன்னால் அதையும் மறந்துவிடுங்கள். அதற்குப் படகு ஏறும் இடமே வேறு மாநிலத்தில், வடக்கே வெகு தூரத்தில் இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்கிற இடம் கத்தா கடற்கரை. பட்டோங்கிலிருந்து காரோன் வழியாகத் தெற்கே அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடற்கரையின் வட முனையில், எதிரே தெரியும் கோ பூ என்ற குட்டித் தீவை நோக்கிப் பாறைத்திட்டு ஒன்று போகிறது. அதிகம் போனால் 10 மீட்டர் ஆழம். படகே தேவையில்லை, மணலிலிருந்து நடந்தே இறங்கலாம். பூக்கெட்டில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் இது. சிங்கமீன், கணவாய், பாறை இடுக்கில் விலாங்கு என்று பார்க்கவும் நிறைய இருக்கிறது. ஆழமான இடத்துக்குப் போகவில்லையே என்று உங்கள் கணவர் குறைப்படலாம். மூன்று வருடம் கழித்து இறங்குபவருக்கு முதல் முக்குளிப்பே பழசைப் புதுப்பிக்கிற பயிற்சியாக இருக்க வேண்டும். மாஸ்க்கில் ஏறிய நீரை ஊதி வெளியேற்றுவது, நீருக்குள் மிதப்பைச் சமன் செய்வது, காற்று தீர்ந்தால் துணைவரிடம் வாங்குவது எல்லாம் கைக்கு மறந்திருக்கும். அதற்கு அமைதியான ஆழமற்ற நீர்தான் சரியான இடம்.

காலை 10:30 மணிக்குக் கத்தாவில் இருப்பீர்கள். படிவம், உடை, விளக்கம் முடிய 11:30. நாற்பத்தைந்து நிமிட முக்குளிப்பு, ஒரு மணி நேர ஓய்வு, மறுபடி நாற்பத்தைந்து நிமிடம். மதியம் 2 மணிக்குக் கரையேறிவிடலாம். குளித்துச் சாப்பிட்டு, காரோன் சாலை நெரிசலையும் தாண்டி 4 மணிக்குப் பட்டோங் வந்தாலும் இரண்டு மணி நேரம் கையில் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை எதற்காகவும் குறைக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மற்றப் பயணிகள் கப்பலைத் தவறவிட்டால் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ளலாம். முக்குளித்தவருக்கு அந்த வழி இல்லை. முக்குளிக்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் விமானத்தில் ஏறினால், காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகும். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒரே நாளில் இரண்டு என்றால் 18 மணி நேரம் பறக்காமல் இருக்க வேண்டும் என்பது முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் பரிந்துரை. அப்புறம் ஹட்ஜாய் வழியாகச் சாலையில்தான் பினாங்கு வர வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். சில கப்பல்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். உங்கள் கப்பலில் என்ன வழக்கம் என்று முன்பே கேளுங்கள். அவர்கள் வைத்துக்கொண்டால் நகல் ஒன்றாவது பையில் இருக்கட்டும்.

இந்த 18 மணி நேரக் கணக்கு, பினாங்கில் இறங்கியதும் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்கு ஓடுகிற கோலாலம்பூர் பயணிகளுக்கும் பொருந்தும். பூக்கெட்டில் மதியம் 2 மணிக்கு முடித்தவர் மறுநாள் காலை 8 மணிக்கு முன் பறக்கக் கூடாது. முக்குளித்த நாளன்றே பினாங்கு மலைக்கோ கெந்திங்குக்கோ ஏறுவதையும் தவிர்க்க வேண்டும். கெந்திங் ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம்.

கப்பலிலேயே பதிவு செய்வதில் ஒரு பெரிய நன்மை உண்டு. அவர்கள் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். விலை கூடுதல்தான், ஆனாலும் முக்குளிப்பு அவர்கள் பட்டியலில் இருந்தால் முதல் தடவை அதையே எடுங்கள். பல கப்பல்களில் நீர்மட்டத்தில் மிதந்தபடி பார்க்கும் ஸ்நோர்க்லிங் மட்டும்தான் இருக்கும். அப்படியானால் கத்தாவில் உள்ள முக்குளிப்பு மையத்துக்கு நேராக எழுதுங்கள். கப்பலின் பெயர், தேதி, ஏற வேண்டிய நேரம் மூன்றையும் முதல் செய்தியிலேயே சொல்லுங்கள். காலநிலை காரணமாகக் கப்பல் அந்தத் துறைமுகத்தையே தவிர்த்துவிட்டால் முன்பணம் திரும்புமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டெண்டர் துறைமுகங்களில்தான் இப்படி ரத்தாவது அதிகம். ஏற வேண்டிய நேரத்தைச் சொன்னதும் அவர்களே கணக்குப் போட்டு, இது முடியும், இது முடியாது என்று சொன்னால் அது நல்ல மையம். எல்லாவற்றுக்கும் சரி சரி என்பவரை விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு, சகோதரி, டிஸ்கவர் ஸ்கூபா என்ற அறிமுக முக்குளிப்பு இருக்கிறது. சான்றிதழ் வேண்டாம். பயிற்றுநர் கூடவே இருப்பார், 12 மீட்டருக்குக் கீழே போக மாட்டீர்கள். உங்கள் கணவரும் நீங்களும் ஒரே கடற்கரையில் இறங்கலாம். ஆனால் அவருக்கு வேறு வழிகாட்டி, உங்களுக்கு வேறு பயிற்றுநர் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். பயிற்றுநரின் கவனம் முழுவதும் உங்கள்மேல் இருக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியதில் மிக முக்கியமானது மருத்துவப் படிவம். எந்த மையத்துக்குப் போனாலும் ஒரு கேள்வித்தாள் தருவார்கள். 45 வயதைத் தாண்டியவரா, இரத்த அழுத்தம் உண்டா, ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உண்டா என்றெல்லாம் கேட்கும். உங்கள் கணவர் உண்மையாக நிரப்பினால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் இறக்க மாட்டார்கள். பூக்கெட் கடற்கரையில் காலை 11 மணிக்கு டாக்டரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. படிவத்தை மையத்திடமிருந்து இப்போதே வாங்கி, அவர் வழக்கமாகப் பார்க்கும் கிளினிக்கில் காட்டி, பரிசோதித்துக் கையெழுத்து வாங்குங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். பொய்யாக 'இல்லை' என்று எழுதி இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். தண்ணீருக்கடியில் மாரடைப்பு வந்தால் கரையில் வந்ததுபோல் முதலுதவி செய்ய முடியாது.

முந்தின இரவு கப்பல் விருந்தில் மது வேண்டாம், சீக்கிரம் தூங்குங்கள். மூக்கடைப்பு இருந்தால் இறங்கவே கூடாது, காது போய்விடும். சொந்த மாஸ்க் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கத்தியைக் கப்பலில் ஏற்ற விட மாட்டார்கள். சன்ஸ்கிரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இல்லாததாகப் பாருங்கள். பவளத்தைக் கெடுப்பதால் தாய்லாந்து 2021-இல் தன் தேசியப் பூங்காக்களில் அவற்றைத் தடை செய்தது.

முக்குளித்த பிறகு மூட்டு வலி, கை கால் மரமரப்பு, தலைசுற்றல், வழக்கமில்லாத களைப்பு எதுவானாலும், தூங்கினால் சரியாகிவிடும் என்று கப்பலில் ஏறிவிடாதீர்கள். அது நான் சொன்ன நைட்ரஜன் குமிழிகளின் வேலையாக இருக்கலாம். அதற்கான சிகிச்சை, உயர் அழுத்த அறைக்குள் வைத்து ஆக்ஸிஜன் கொடுப்பது. அது பூக்கெட்டில் இருக்கிறது, கப்பலில் இருக்காது. நங்கூரம் தூக்கிவிட்டால் இரவு முழுவதும் சிகிச்சையிலிருந்து விலகிப் போய்க்கொண்டிருப்பீர்கள். நம் பக்கத்தில் அந்த வசதிக்கு லூமுட் கடற்படைத் தளத்து மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். பினாங்கிலிருந்து அது அருகில் இல்லை. கப்பலில் ஏறிய பிறகு அறிகுறி தெரிந்தால் உடனே கப்பல் மருத்துவரிடம் போய், இன்று முக்குளித்தேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லி ஆக்ஸிஜன் கேளுங்கள்.

இந்தச் சிகிச்சைக்கான செலவைச் சாதாரணப் பயணக் காப்புறுதி ஏற்காமல் போகலாம். பாலிசியில் முக்குளிப்பு விலக்கப்பட்டிருக்கிறதா, ஆழ வரம்பு என்ன, சான்றிதழ் இல்லாத அறிமுக முக்குளிப்பும் சேருமா என்று உங்கள் முகவரிடம் கேளுங்கள். கணவருக்குச் சேர்ந்து உங்களுக்குச் சேராமல் இருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் உங்களுக்கு மட்டும் முக்குளிப்புக்கென்றே உள்ள காப்புறுதியைக் குறுகிய காலத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவசர எண்ணை இருவரின் தொலைபேசியிலும் பதிந்து, ஒரு தாளிலும் எழுதி முக்குளிப்பு மையத்தில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.