மலேசியாவுல டொர்னாடோ வருமா? பெரிய இடிமழைய அது உருவாகுறப்பவே டிராக் பண்ண முடியுமா?

இந்தக் கேள்விய கேட்டவரு அனேகமா கோலாலம்பூர்ல ஏதோ கொண்டோவுல மேல்மாடியில இருந்துதான் கேட்டிருப்பாரு. ஏன்னா கேள்விக்குக் கீழ "அமெரிக்காக்காரன் மாதிரி நாமளும் தொரத்திப் போயி வீடியோ எடுக்கலாமா"ன்னு ஒரு வரி வேற சேத்திருக்காரு. காத்தடிச்சா பொழப்பு போயிடும்னு இருக்கறவன் அப்படிக் கேக்க மாட்டான். நான் சிலாங்கூர்ல பெஸ்தாரி ஜெயா பக்கம், எங்க வாய்க்கு இன்னும் அது பத்தாங் பர்ஜுந்தைதான். கேனோப்பி (கூடாரம்), மேச, நாற்காலி வாடகைக்கு விடுறேன். சுத்துப்பட்டு தோட்டத்துக் கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா எல்லாம் நம்ம கேனோப்பிக்குக் கீழதான். வானிலைப் படிப்பெல்லாம் கெடையாது, எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சையோட நின்னாச்சு. "நீ யாருய்யா இதச் சொல்ல"ன்னு கேக்கறவங்க இப்பவே அடுத்த பதிலுக்குப் போயிடலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்.

மொதல்ல டொர்னாடோ, அதான் மேகத்துலேருந்து தரை வரைக்கும் சுத்துற சுழல்காத்து. வரும், ஆனா நீங்க யூடியூப்ல பாக்குற அந்த சைஸ்ல வராது. அமெரிக்காவுல மெக்சிகோ வளைகுடா பக்கமிருந்து ஈரக்காத்து கீழால வரும், மேற்கேருந்து காஞ்ச காத்து மேலால வரும், ஒசரம் போகப் போக காத்தோட வேகமும் திசையும் மாறிக்கிட்டே இருக்கும். அதுலதான் மேகமே மொத்தமா சுத்த ஆரம்பிக்குது, சூப்பர்செல்லுன்னு சொல்றாங்க. டாப்ளர் ரேடார்ல அந்தச் சுத்து தெரியும், ஒரு பக்கம் காத்து ரேடார் பக்கமா வரும், ஒட்டியே இன்னொரு பக்கம் வெலகிப் போகும். அத வச்சுத்தான் அங்க வார்னிங் குடுக்குறாங்க. நமக்கு மேல அந்த மாதிரி காத்து வித்தியாசம் பெருசா கெடையாது. நம்மகிட்ட வர்றது பெரும்பாலும் கடல்லயோ வயல்லயோ வளர்ற மேகத்துக்கு அடியில கீழேருந்து கெளம்புற சின்னச் சுழல். மலாய்க்காரங்க பூத்திங் பெலியோங்னு சொல்லுவாங்க. 2014 அக்டோபர்ல கெடா பெண்டாங்ல வீட்டுக்கூரையெல்லாம் தூக்குச்சு, 2019 ஏப்ரல்ல பினாங்கு தஞ்சோங் தொக்கோங்ல கடல்லேருந்து கரையேறுச்சு. இது ரொம்பச் சின்னது, தரைக்கு ஒட்டியே இருக்கும், ரேடாரோட கதிரு தூரம் போகப் போக மேல ஏறிடும், அதனால பல நேரம் கண்ணுக்குத்தான் மொதல்ல மாட்டும்.

தொரத்துறது பத்தி ஒரே வார்த்த. டிம் சமாராஸ்னு ஒருத்தரு, டொர்னாடோ ஆராய்ச்சியிலயே பல வருஷம் ஊறுனவரு, 2013 மே 31ல ஓக்லஹோமா எல் ரீனோவுல மகனோடயும் கூட்டாளியோடயும் அதுலயே போயிட்டாரு. அந்தச் சுழல் 4 கிலோமீட்டருக்கு மேல அகலம், சட்டுனு திசைய மாத்திடுச்சு. அவருக்கே அப்படின்னா சின்ன மைவி காரை எடுத்துக்கிட்டு பாம் தோட்டத்துச் செம்மண் ரோட்டுல போறவங்களுக்கு என்னாகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இப்ப நம்ம விஷயத்துக்கு வரேன். நம்ம ஊர்ல கேனோப்பிய தூக்குறது சுழல் இல்ல, நேரா அடிக்கிற காத்து. மேகத்துல மழ கொட்டுறப்ப உள்ள காத்து குளுந்து கனமாகி பொத்துனு கீழ விழுந்து நாலா பக்கமும் பாயும், மழைக்கு முன்னாடியே அது வந்து அடிச்சிடும். இதுல ரெண்டு வகை இருக்கு. மத்தியானம் வெயில் ஏறி மூணு நாலு மணிக்கு நம்ம தலைக்கு மேலயே பொங்குறது ஒண்ணு, ஏப்ரல் மேயும் அக்டோபர் நவம்பரும் அதுக்குத்தான் சீசன். இன்னொண்ணு சுமத்ரா காத்து. ராத்திரி சுமத்ரா பக்கமோ நடுக்கடல்லயோ வரிசையா மேகம் கட்டி, மலாக்கா நீரிணையத் தாண்டி விடியக்காலையில நம்ம பக்கம் வந்து ஏறும். 40லேருந்து 80 கிலோமீட்டர் வேகத்துல அடிக்கும்னு கணக்கு.

மொத வகைய முன்கூட்டியே பிடிக்கிறது கஷ்டம், யார் என்ன சொன்னாலும் சரி. ஆப்புல "மழை 60 சதவீதம்"னு போடுறான் பாருங்க, அத நம்பாதீங்க. விண்டி மாதிரி ஆப்புல மொதல்ல கலர் கலரா ஓடுறது ரேடாரே இல்ல, கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. ஐரோப்பாக்காரனோட அந்தக் கணக்கு மாடலு ஊரக் கட்டம் கட்டமா பிரிச்சுப் போடுது, ஒரு கட்டம் 9 கிலோமீட்டர், நம்ம இடிமேகம் சில நேரம் அவ்வளவு அகலமே இருக்காது, அதுக்கு எப்படித் தெரியும்? ரேடார்னு தனியா ஒரு பட்டன் இருக்கும், அத அமுத்தணும். இல்லாட்டி மெட் மலேசியா, அதான் நம்ம வானிலை இலாகா, அதோட ரேடார் படத்தையே பாருங்க. ஒரு படத்த மட்டும் பாத்து ஒண்ணும் ஆகாது, ஓட விட்டுப் பாக்கணும். செவப்பு, அதான் கனத்த மழ, எந்தப் பக்கம் நகருது, பெருசாவுதா கரையுதா, அதான் விஷயம். கைக்கு வர்றப்பவே அந்தப் படம் சில நிமிஷம் பழசாயிருக்கும், அதையும் மனசுல வச்சுக்குங்க. ஜப்பான்காரனோட ஹிமாவாரி சேட்டிலைட் படம் பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வரும், ரேடார்ல மழ தெரியறதுக்கு முன்னாடியே மேகம் காலிபிளவர் மாதிரி பூரிக்கிறத அதுல பாத்துடலாம்.

ரெண்டாவது வகை, சுமத்ரா, அதத்தான் டிராக் பண்ண முடியும். போன வருஷம் ஆடித் திருவிழாவுக்கு ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில்ல அன்னதானத்துக்கு அரபியன் கேனோப்பி வரிசையா போட்டுட்டு லோரியிலயே படுத்திருந்தேன். விடியக்காலம் நாலு மணி இருக்கும், ஹேண்ட்போன்ல ரேடார ஓட விட்டா கடல் மேல வடக்கு தெற்கா நீளமா ஒரு கோடு, நடுவுல வில்லு மாதிரி நம்ம பக்கமா பொடச்சுக்கிட்டு வருது. பொடச்ச எடத்துலதான் காத்து ஜாஸ்தி. ஆளுங்கள எழுப்பி சைடு துணியெல்லாம் அவுக்கச் சொல்லி, கால எறக்கி, கூரைய தரையோட படுக்க வச்சிட்டோம். கோயில் தலைவரு வந்துட்டாரு. "ஏன்டா தம்பி, மேல நட்சத்திரம் தெரியுது, நீ போனப் பாத்துக்கிட்டு கூடாரத்த எறக்குறியா? ஆறு மணிக்கு அபிஷேகம்டா!"ன்னு சத்தம். "மாமா, கயித்த மட்டும் புடிங்க, அப்பறம் திட்டுங்க"ன்னேன்.

கொஞ்ச நேரத்துல மேற்க நட்சத்திரம் ஒவ்வொண்ணா காணாம போச்சு. தவக்கா சத்தம் நின்னுச்சு. குளுந்த காத்து ஒண்ணு மொகத்துல வந்து மோதுச்சு, ஒரு சொட்டு மழ இல்ல, செம்பனை மட்டையெல்லாம் ஒரே பக்கமா திரும்பிக்கிச்சு. பின்னாடியே வந்துச்சு பாருங்க. பசங்க சொந்தமா கட்டுன தண்ணிப்பந்தல் அப்படியே எழும்பி பெரிய வடிகாலுக்கு அந்தப் பக்கம் போயி விழுந்துச்சு, நாற்காலியெல்லாம் கோயில் வேலியில போயி ஒட்டிக்கிச்சு. என் கேனோப்பி ஒண்ணும் ஆகல, ஒரு ஆணி கூடப் பிடுங்கல. பெருமைக்குச் சொல்றேன்னு வச்சுக்குங்க, சொல்லக்கூடாதா என்ன?

விடிஞ்சதும் வாட்சப் குரூப்புல "நம்ம தோட்டத்துல டொர்னாடோ"ன்னு ஓட ஆரம்பிச்சிடுச்சு. நான் போயி லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாடி வாழத்தோப்பப் பாத்தேன். மரமெல்லாம் கெழக்க தலைய வச்சு ஒரே வாட்டமா படுத்திருக்கு. சுழலா இருந்தா கன்னாபின்னான்னு ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கும். புஜித்தான்னு ஜப்பான்காரரு, டொர்னாடோவுக்கு அளவுகோல் போட்டவரு, 1974ல பிளேன்ல போயி விழுந்த மரத்தோட வாட்டத்தப் பாத்துத்தான் மேலேருந்து விழுற காத்து தனி ரகம்னு பிடிச்சாரு. இத குரூப்புல எழுதுனதுக்கு "பெரிய சயிண்டிஸ்டு வந்துட்டாரு"ன்னு ஒருத்தன் போட்டான், அவன் எங்கிட்ட நாற்காலி எடுத்து இன்னும் திருப்பித் தராதவன்.

அந்த அன்னதானத்துக்கு என்ன நடந்துச்சு தெரியுமா, "ரெண்டு மணி நேரம் கூடாரம் எறங்கித்தானே இருந்துச்சு, 150 வெள்ளி கொறச்சுக்க"ன்னு கமிட்டி கணக்குல கழிச்சாங்க. காப்பாத்துனதுக்குக் கூலி. பூக்காரர்கிட்ட கொறைக்க மாட்டாங்க, மேளக்காரர்கிட்ட கொறைக்க மாட்டாங்க, கேனோப்பிக்காரன்னா மட்டும் எல்லாருக்கும் எளப்பம். சரி விடுங்க, கேள்வி அதில்ல.

இன்னும் ஒண்ணு சொல்லணும். மெட் மலேசியாவோட மைச்சுவாச்சா ஆப்புல அமாரான் ரிபுட் பெட்டிர், அதான் இடிமழை எச்சரிக்கை, வந்தா தட்டிவிட்டுட்டுப் போகாதீங்க. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல மழ ஒரு மணி நேரத்துக்கு மேல பெய்யுற மாதிரி இருந்தாத்தான் அத விடுவாங்க, ஒரு அறிவிப்பு அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குத்தான். மாவட்டம் பேரு போட்டிருக்கும், உங்க தாமான் (குடியிருப்பு) பேரு போட்டிருக்காது, அதனால "சொன்னாங்க வரலையே"ன்னு கொற சொல்லாதீங்க, பக்கத்துத் தோட்டத்துல கொட்டியிருக்கும். மின்னல் வெட்டி 30 செகண்டுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், வீட்டுக்குள்ளயோ காருக்குள்ளயோ போயிடுங்க. கேனோப்பிக்குக் கீழ நிக்காதீங்க, அது இரும்புக் காலு, வாடகைக்கு விடுற நானே சொல்றேன்.

என் நம்பர் தெரிஞ்சவங்க இதப் படிச்சிட்டு "அண்ணே, சனிக்கிழம மழ வருமா"ன்னு போன் பண்ணாதீங்க. சனிக்கிழம காலையில கேளுங்க, சொல்றேன். அதுவும் டெப்போசிட் கட்டுனவங்களுக்கு மட்டும்.