சர்க்கரை உள்ளவர்கள் திராட்சை சாப்பிடலாமா?

"திராட்சை சர்க்கரையைக் குறைக்கும் என்கிறார் ஒருவர், தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். அப்பாவுக்கு ஜூஸாகவோ உலர் திராட்சையாகவோ கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழமாக, எண்ணிக் கொடுங்கள். ஜூஸ் வேண்டவே வேண்டாம். எங்கள் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

எங்களுக்குச் சேலம் அம்மாபேட்டை, தறி வீடு. அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம். போன கோடையில் கடைவீதிக்குப் போகும்போதெல்லாம் "ரத்தம் ஊறும்" என்று கருப்பு திராட்சை ஜூஸ் குடித்திருக்கிறார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். இரண்டு கை பன்னீர் திராட்சை, மேலே மூன்று கரண்டி சர்க்கரை, மிக்ஸியில் ஒரு சுற்று. வடிகட்டியில் தோலும் கொட்டையும் ஊதா நிறத்தில் குவிந்து நின்றன. கரண்டியால் அழுத்திப் பிழிந்துவிட்டு, சக்கையைக் குப்பைக் கூடையில் தட்டினார்கள். வீட்டுக்கு வந்து விரலைக் குத்திப் பார்த்தால் 286.

திராட்சையின் நல்லதில் பெரும்பகுதி அந்தச் சக்கையில்தான் போனது. ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின், எல்லோரும் பேசுகிற ரெஸ்வெரட்ரால் என்ற சத்து இரண்டும் தோலில் இருக்கின்றன. கொட்டையில் துவர்ப்புச் சத்துகள். டம்ளருக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான். பன்னீர் திராட்சையைச் சதையை உறிஞ்சிவிட்டுத் தோலைத் துப்புகிறோமே, அதுவும் இதே கதைதான்.

பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 1,87,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடங்கள் கவனித்தார்கள். வாரத்துக்கு மூன்று முறை திராட்சையோ உலர் திராட்சையோ கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 12% குறைவாக இருந்தது. பழச்சாறு குடித்தவர்களுக்கு 8% கூடுதல். ஆனால் இது நோய் வராதவர்களிடம் பார்த்தது. அவர்கள் நடை, சாப்பாடு என மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருந்திருக்கலாம். வந்துவிட்ட சர்க்கரையைத் திராட்சை இறக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள்.

ரெஸ்வெரட்ரால் ஆய்வுகளில் கொடுக்கும் அளவு பெரும்பாலும் நூறு மில்லிகிராமுக்கு மேல். ஒரு கிலோ பழத்தில் சில மில்லிகிராம்தான் கிடைக்கும். அதனால் அந்த ஆய்வுகளைப் பழத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

100 கிராம் திராட்சையில் சுமார் 16 கிராம் சர்க்கரை, உலர் திராட்சையில் சுமார் 60 கிராம். ஊறவைத்த தண்ணீரைக் குடித்தால் கரைந்த சர்க்கரையும் சேர்ந்தே உள்ளே போகும். உலர் திராட்சையில் பொட்டாசியமும் அதிகம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

இன்னொன்று. சில கொழுப்பு மாத்திரைகளோடு 'கிரேப்ஃப்ரூட்' கூடாது என்று போட்டிருப்பதைப் பார்த்து அம்மா கொஞ்ச நாள் திராட்சையையே விட்டிருந்தார். அது திராட்சை இல்லை. பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். நம் ஏற்காட்டு ஆரஞ்சுக்குத்தான் சொந்தம்.

இப்போது அம்மாவுக்குப் பதினைந்து பழம், கூட ஒரு பிடி வறுத்த கடலை. சாப்பாட்டோடு கிடையாது, நாலு மணிக்கு. உப்புத் தண்ணீரில் அலசி, தோலும் கொட்டையும் சேர்த்து மென்று தின்கிறார். முதல் வாரம் "துவர்க்குதுடி" என்று முகத்தைச் சுளித்தார். "அந்தத் துவர்ப்புக்குத்தாம்மா இதைத் தின்கிறதே" என்றேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 164.