ரயில் டிக்கெட்டின் மீதிப் பணத்தை யார் கட்டுகிறார்கள்?

கேள்வி: புற்றுநோய் சிகிச்சைக்காக 67 வயது அப்பாவை நெல்லையிலிருந்து சென்னைக்கு அடிக்கடி ரயிலில் கூட்டிப் போகிறேன். மூத்த குடிமக்கள் சலுகை திரும்ப வருமா? பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதம்தான் வசூலாகிறது என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் நாம் அடுத்தவர் காசிலா போகிறோம்?

பதில்: 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்திய சலுகை அது, ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதம். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கேட்டால், எல்லாப் பயணிக்குமே சராசரியாக 46 சதவீதம் தள்ளுபடி தருகிறோம், 2022-23ல் அது மட்டும் 56,993 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் கணக்குச் சொல்லிவிட்டார் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி கஜானாவிலிருந்து வருவதில்லை. சரக்கு ரயில் சம்பாதித்துத்தான் பயணிகள் ரயிலை ஓட்டுகிறது. சரக்கு வருமானத்தில் ஏறக்குறைய பாதி நிலக்கரி, அதற்குச் சரக்குக் கட்டணத்தை ஏற்றினால் அனல் மின்சாரத்தின் செலவில் வந்து விடியும். ரயில் பக்கமே போகாதவரும் உங்கள் டிக்கெட்டுக்கு ஏதோ கொஞ்சம் கட்டுகிறார், அவருக்கே தெரியாமல்.

அப்புறம் இந்த ‘சராசரி’யையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மும்பை புறநகர் ரயிலும் நெல்லை எக்ஸ்பிரஸும் ஃபர்ஸ்ட் ஏசியும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன, ஆனால் தேர்ட் ஏசி பல வருடங்கள் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கைகளே சொல்கின்றன. தண்டவாளமும் சிக்னலும் சரக்குக்கும் பயணிக்கும் பொது, அதில் எவ்வளவு யார் தலையில் எழுதுவது என்பது கணக்குப் போடுபவர் கையில்தான்.

என்னைக் கேட்டால், ஸ்லீப்பருக்கும் முன்பதிவில்லாத பெட்டிக்கும் மானியம் கண்டிப்பாக வேண்டும். பீகாரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்கு வருகிறவரும், வங்காளத்திலிருந்து ஸ்கேன் கவரோடு காட்பாடியில் இறங்கி வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பேசுகிற குடும்பமும் வேறு எதில் வருவார்கள்? ஃபர்ஸ்ட் ஏசிக்கு ஒரு பைசா வேண்டாம். கொடுப்பதையும் நிலக்கரிக்குள் ஒளிக்காமல் பட்ஜெட்டில் தனிக் கணக்காக எழுதிக் கொடுக்கட்டும், அப்போதுதான் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்க முடியும்.

சரி, உங்கள் விஷயம். புற்றுநோயாளி சிகிச்சைக்குப் போனால் ஸ்லீப்பர், தேர்ட் ஏசி இரண்டிலும் அவருக்குக் கட்டணமே கிடையாது, துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மூத்த குடிமக்கள் சலுகை போனபோதும் இது போகவில்லை, பலருக்குத் தெரிவதும் இல்லை! ரயில்வே வகுத்த படிவத்தில் ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கி முன்பதிவு கவுன்டரில் கொடுங்கள், ஒரு நகலைப் பயணத்திலும் கையில் வைத்திருங்கள். அப்பாவின் வயதைச் சரியாக எழுதுங்கள், 60 தாண்டிய ஆண்களுக்கு லோயர் பெர்த் ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது.