புது இன்ஜின் மாட்டியும் மூச்சு வாங்குதே!

கேள்வி: எங்க அல்ட்ராலைட்ல (குட்டி விமானம்) பழைய ரோட்டாக்ஸ் 582 இன்ஜினை எடுத்துட்டு வேற 582 மாட்டினோம் சார், ஐடில்ல சூப்பரா ஓடுது, ஃபுல் த்ராட்டில் குடுத்தா ஒரு நிமிஷத்துல ஆர்பிஎம் தொங்கிடுது. கார்புரேட்டர் ரெண்டையும் கழுவியாச்சு.

பதில்: கார்புரேட்டரை விடுங்க, பாவம் அது! ஃபியூயல் பம்ப்புக்குப் போற பல்ஸ் ஹோஸைப் பாருங்க, அந்த பம்ப்புக்கு கரன்ட்டெல்லாம் கிடையாது, கிராங்க்கேஸ்ல பிஸ்டன் ஏறி இறங்குற காத்தழுத்தத்துலதான் உள்ள இருக்கற டயாஃப்ரம்ங்கற மெல்லிசு சவ்வு அடிச்சுக்கும், நீங்க மெத்துனு இருக்கற பெட்ரோல் டியூபை நீளமா மாட்டியிருந்தா அந்தத் துடிப்பை டியூபே முழுங்கிடும். ஐடிலுக்கு கொஞ்சூண்டு பெட்ரோல் போதும், அதான் தெரியல. கெட்டியான, குட்டை ஹோஸா போடுங்க. அப்படியே கார்புரேட்டர் ரப்பர் சாக்கெட்டையும் வளைச்சுப் பாருங்க, வெடிப்பு இருந்தா காத்து புகுந்து, மிக்ஸ்சர் லீன் ஆகி (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) பிஸ்டன் பிடிச்சுக்கும். எக்ஸாஸ்ட் சூடு 650 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. வாலைக் கட்டிப்போட்டு ஃபுல் த்ராட்டில்ல ஓட்டிப் பாக்காம மேல கிளம்பிடாதீங்க.